அசையாமல் நின்ற மேகம்

விண்கலப் படம் படிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னை மடக்கினார். "மேடம், திரையில ஒரு இடம் குளிர்ச்சியா தெரிஞ்சா அது கடலா மேகமான்னு கணினியே பிரிச்சுச் சொல்லிடுது. அப்புறம் நாம எதுக்கு?" நல்ல கேள்வி. கேட்ட விதத்தில் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது, அதுவும் எனக்குப் பிடித்தது. அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்களுக்குத் தேநீர் இடைவேளை முடிந்துவிட்டது, எனக்கோ சுருக்கமாகப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் வாடைக்காற்று மாதங்களில் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்காது. ஆகவே நான் சொல்லப்போவது ஒரு தைரியசாலியின் கதை அல்ல.

எழுபதுகளின் நடுவில் எங்கள் நிலையம் கோலார் தங்கவயலில் இருந்தது. கடலைப் பார்க்கும் நிலையத்தைக் கடலே இல்லாத ஊரில் கொண்டுபோய் ஏன் வைத்தார்கள் என்று கேட்காதவர்கள் கிடையாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டதுபோலத்தான் இருக்கும். சுரங்கத்தார் காலி செய்த ஒரு பழைய கட்டடம் சும்மா கிடந்தது, மின்சாரம் தடைபடாது, ஆன்டெனாவைத் திருப்பும் பல்சக்கரம் தேய்ந்தால் அன்றைக்கே வேறு கடைந்து தரப் பட்டறை இருந்தது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காரணம். விண்கலத்துக்கு நாம் எந்த ஊரில் நிற்கிறோம் என்ற கவலை இல்லை. தலைக்கு மேல் வரும்போது படத்தை வானொலி அலையாக வீசிக்கொண்டே போகும், வலை விரித்தவன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். என் அப்பா ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர்களிடம், "என் பொண்ணு மேட்டு மேல உக்காந்துக்கினு கடல் தண்ணி சூடா இல்லியான்னு பாக்குது" என்பார். அதில் பெருமை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

காவலாளியை விட்டால் நிலையத்தில் நாங்கள் நாலு பேர். எங்கள் பொறுப்பதிகாரி வெளியூர்க்காரர், கடல் அறிவியல் படித்தவர், பாதி நாள் பெங்களூரில் கூட்டங்களில் இருப்பார். கருவிகளைப் பார்த்துக்கொண்டவர் நாராயணப்பா. கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், எதற்கும் பதறாதவர். மூன்றாவது ஆள் முனிரத்தினம். மாரிகுப்பத்துச் சுரங்கக் குடும்பம். எங்களிடம் வருவதற்கு முன் சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் இருந்தவன், ஆழத்து லெவல்களில், அதாவது சுரங்கத் தளங்களில், சூடு அளப்பதுதான் வேலை. "கீழ கல்லு சுடும், கடல்ல தண்ணி சில்லுனு கீது. எனக்கு ரெண்டும் தெர்மாமீட்டர்தான்" என்பான். நான்காவது ஆள் நான். வரும் படத்தைப் படித்துச் சொல்வது என் வேலை.

படம் என்றால் நீங்கள் பார்க்கும் வண்ணப்படம் இல்லை. ஒரு தாள், அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஊசி, ஊசி ஓடும் இடமெல்லாம் கருகல் வாசனை. வரி வரியாகக் கடல் வந்து சேரும். சூடான தண்ணீர் கறுப்பு, குளிர்ந்த தண்ணீர் வெளிர் சாம்பல், உயரத்து மேகம் வெள்ளை. வெள்ளையும் கறுப்பும் யாருக்கும் தெரியும். எங்கள் பிழைப்பு முழுக்க இடையிலிருந்த சாம்பலில்தான். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தாலும் சாம்பல், மெல்லிய மேகம் சல்லாத்துணிபோல மூடினாலும் அதே சாம்பல். குளிர்ந்த நீர் மேலே வரும் இடத்தில் மீன் சேரும். மெல்லிய மேகத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒளிப்படம் கூடவே வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த விண்கலத்தில் ஒளிப்படப் பக்கம் பழுதாகிக் கிடந்தது. வெப்பப் படம் மட்டும்தான் கதி.

இதற்குப் பொறுப்பதிகாரி எங்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். கடல் இருந்த இடத்தில் இருக்கும், மேகம் நகர்ந்துவிடும். இன்றைய சாம்பல் நாளைய படத்திலும் அதே இடத்தில் இருந்தால் அது தண்ணீர். இடம் மாறியிருந்தால் மேகம். இன்று உங்கள் கணினியும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது, நாங்கள் கண்ணாடித் தாளில் கட்டம் போட்டு அதைக் கரையோரத்தோடு பொருத்திச் செய்தோம். அந்த வழியை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதில் பிழை இல்லை.

தீபாவளி முடிந்த வாரம். பொறுப்பதிகாரி யார் யாரிடமோ கெஞ்சி, நாகப்பட்டினத்திலிருந்து ஒரு இயந்திரப் படகைச் சில நாட்களுக்கு வாங்கியிருந்தார். படத்தில் நாங்கள் குளிர்ந்த நீர் என்று சொல்லும் இடத்துக்குப் படகு போக வேண்டும், வாளியில் நீரை மொண்டு சூடு பார்க்க வேண்டும். எங்கள் படம் உண்மை என்று நிரூபிக்க அது ஒன்றுதான் வழி. அது நடக்காவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. வாளியோடு போனவன் முனிரத்தினம். அதற்கு முன் கடலைப் பார்த்ததே இல்லை, நீச்சலும் தெரியாது. கரையோர அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசியபோது, "இன்னாக்கா இது, முடிவே இல்லாம கீது" என்றான். அது ஒன்றுதான் அவன் கடலைப் பற்றிச் சொன்ன குறை.

முதல் நாள் படத்தில் தென்கிழக்கே ஆழ்கடலில் ஒரு சாம்பல் திட்டு தெரிந்தது. நல்ல மங்கலான திட்டு. உடனே கண்ணாடித் தாளில் அதைக் குறித்தேன். மறுநாள் காலையும் விண்கலம் வந்தது. நாராயணப்பா ஆன்டெனாவைத் திருப்ப, நான் தாள் பக்கம் தேநீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். மேலே ஆந்திரக் கரை தெளிவாக வந்தது. கீழே தமிழ்க் கரை முழுக்க வெண்மேகம், கரை எது கடல் எது என்றே தெரியவில்லை. கட்டத்தை ஆந்திரக் கரையோடு பொருத்தினேன். திட்டு அதே இடத்தில் நின்றது. அச்சு அசலாக அதே கட்டத்தில்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாராயணப்பாவும் வந்து பார்த்து, "நீருதான் அம்மா, சந்தேகமே இல்ல" என்றார். பெங்களூருக்குப் போயிருந்த பொறுப்பதிகாரி, இரண்டு படமும் ஒத்துப்போனால் படகை அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நாகப்பட்டினத்துக்குச் சொன்னோம். படகு முனிரத்தினத்தோடு கிளம்பியது. நான் சந்தோஷத்தில் படத்தின் ஓரங்களை நறுக்கிச் சீராக்கி, அட்டையில் ஒட்டி, சுவரில் மாட்டினேன்.

முற்பகல் முடியும் நேரத்தில் சுரங்கச் சங்கு ஊதியது. ஊதவேண்டிய நேரம் அது இல்லை. கீழே ஒரு லெவலில் பாறை சரிந்து மூன்று பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள் என்ற செய்தி மெல்ல மேட்டுக்கு வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகு ஒரே வழிதான் தெரியும். வேலையைப் போட்டுவிட்டு, சுரங்கக் குழி இறங்கும் ஷாஃப்ட் வாசலில் போய் நிற்பார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை நிற்பார்கள்.

அப்படி நிற்கப் போகிற வழியில்தான் முனிரத்தினத்தின் மனைவி சரோஜா எங்கள் நிலையத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன்.

"அவரு போன் பண்ணாராக்கா?"

"காலையில கிளம்பிட்டான் சரோஜா. நல்லா இருக்கான்."

"நல்லவேளைக்கா. இன்னைக்கு இவருக்கும் கீழ டூட்டி இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? காலைல ஒரு குலுக்கு குலுக்குச்சே, எங்க ஊட்ல ரொப்பி வெச்ச கொடம் அப்டியே உருண்டுச்சு. நானு ஒரு கையில கொழந்தைய புடிச்சுக்கினு ஒரு கையில கொடத்த புடிச்சேன்." அவள் சிரித்தாள். "அவரு பத்திரமா கடல்ல கீறாரு. அது போதும்."

நான் சிரிக்கவில்லை. காலையில் எப்போது என்று கேட்டேன். குழாயில் தண்ணீர் விட்ட நேரம், ஒன்பது மணி வாக்கில் என்றாள். படம் வந்ததும் அதே நேரம்தான். அவள் போன பிறகு என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை காலையில் தேநீர் டம்ளரை அழுத்திப் பிடித்தது எனக்கு நினைவு வந்தது. ஏன் பிடித்தேன்? ஆடியது, பிடித்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். தங்கவயலில் பூமி ஆடுவது புதிதல்ல. ஆழத்தில் பாறை வெடிக்கும், மேலே பாத்திரம் கிலுகிலுக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வாசலுக்கு ஓடுவார்கள். நாங்கள் பேச்சை நிறுத்தாமல் அலமாரியில் கை வைத்துக்கொள்வோம், பாலைப் பிடித்துக்கொள்வோம், ஆட்டம் நின்றதும் விட்டுவிடுவோம். ஆடியது என்பதே மனதில் தங்காது. அன்று காலை நிலையத்தில் இருந்த இருவருமே இந்தப் பக்கத்து ஆட்கள். பொறுப்பதிகாரி இருந்திருந்தால் வாசலுக்கு ஓடியிருப்பார், திரும்பி வந்து படம் என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார். நாங்கள் டம்ளரைப் பிடித்தோம், படத்தை விட்டுவிட்டோம்.

"நாராயணப்பா, காலையில படம் வரும்போது ஆடிச்சா?"

அவர் யோசித்தார். "ஆடித்து. ஸ்வல்ப, கொஞ்சமா. ஏன்?"

ஏன் என்று நான் சொல்ல ஆரம்பித்தபோதே அவர் முகம் மாறிவிட்டது. ஊசி ஓடும்போது தாள் ஒரு விரற்கடை நகர்ந்தால், அதற்குக் கீழே வருவதெல்லாம் பக்கவாட்டில் தள்ளிப்போகும். நான் கட்டத்தைப் பொருத்தியது மேலே இருந்த ஆந்திரக் கரையோடு. திட்டு இருந்தது கீழே. தாள் நகர்ந்திருந்தால் திட்டு நான் சொன்ன இடத்தில் இல்லை. நேற்றிருந்த இடத்தைவிட்டு அது மேற்கே, கரைப் பக்கமாக வந்திருக்கலாம். நகர்ந்த மேகத்தை நகர்ந்த தாள் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் அது தண்ணீரே இல்லை. படத்தின் விளிம்புக்கு வெளியே, கிழக்கே, நாங்கள் பார்க்காத ஏதோ ஒரு புயலின் முந்தானை. அதற்கு நேரெதிரே நாங்கள் முனிரத்தினத்தை அனுப்பியிருக்கிறோம்.

இருக்கலாம், இருந்திருக்கலாம். எல்லாம் இந்த 'லாம்'தான். உறுதி செய்ய ஒரு வழி இருந்தது. படத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு வரும். தாள் நகர்ந்திருந்தால் அந்தக் கோடு அந்த இடத்தில் படிபோல உடைந்திருக்கும். அந்த ஓரத்தைத்தான் நான் அழகுக்காக நறுக்கியிருந்தேன். குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம். காலி. காவலாளி வழக்கம்போலத் தாள் குப்பையை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். அவரைக் கேட்டபோது, "நல்லா எரிஞ்சிச்சும்மா" என்றார் பாவம்.

பிறகு நாராயணப்பா ஒரு காரியம் செய்தார். கருவியில் புதுத் தாள் மாட்டி, சோதனை ஒலியை ஓடவிட்டார். ஊசி ஓடும்போது மேசைக் காலை உதைத்தார். தாள் அசையவில்லை. மறுபடி உதைத்தார். கோடு சட்டென்று ஒரு விரல் தள்ளிப் போனது. மறுபடி உதைத்தார், அசையவில்லை. நானும் உதைத்தேன். என் உதைக்கு எதுவும் ஆகவில்லை. இருவரும் மாறி மாறி மேசையை உதைத்துக்கொண்டிருந்ததை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். கடைசியில் எங்களுக்குத் தெரிந்தது, நகரவும் நகரலாம், நகராமலும் இருக்கலாம் என்பதுதான். உதைப்பதற்கு முன்பே அது தெரியும்.

"நாளைக்கு பெளிக்கே, காலைல, படம் வரும் அம்மா," என்றார் நாராயணப்பா. "அதுல தெரிஞ்சிடும். இப்ப படகை திருப்பினா, நாளைக்கு அது நீருதான்னு ஆனா, அப்புறம் யாரும் நமக்கு படகு கொடுக்க மாட்டாங்க. நிலையமும் போகும், சாருக்கும் கெட்ட பேரு."

அவர் சொன்னதில் தவறே இல்லை. பொறுமையான மனிதர், பொறுமையாகவே சொன்னார். பொறுப்பதிகாரியைப் பெங்களூரில் பிடிக்கப் பார்த்தோம். கூட்டத்திலிருந்து எங்கோ கிளம்பிவிட்டார் என்றார்கள். அனுப்பச் சொன்னது அவர். திருப்பச் சொல்ல அவர் இல்லை. படகோடு கரை அலுவலகம் மாலையில் ஒரே ஒரு முறைதான் வயர்லெஸ்ஸில் பேசும். அதை விட்டால் மறுநாள் காலைதான்.

நான் அப்போது எப்படி யோசித்தேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் கணினி உங்களுக்காகச் செய்யாது. திட்டு தண்ணீரா மேகமா என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். அது இருந்த தாளை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்தப் பிழையை நாளைக்குத் திருத்த முடியும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தண்ணீராக இருந்து படகைத் திருப்பினால் அவமானம், நிலையம் மூடலாம், என் வேலை போகலாம். அப்பா கடையில் ஆணி நிறுத்துப் போடுவேன். மேகமாக இருந்து படகைத் திருப்பாவிட்டால் நாளைய படத்தில் அது அழகாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இப்படி எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அன்று இது ஒரு நொடியில் வரவில்லை. நடுவில் இரண்டு முறை பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

தொலைபேசியை எடுத்தேன். எங்கள் இணைப்பு சுரங்கத்து எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போகும். அங்கே இருந்தவர் பெயர் எனக்குத் தெரியாது, குரல் தெரியும். நாகப்பட்டினத்துக்கு ட்ரங்க் கால் வேண்டும், அவசரம் என்றேன்.

"லைன் ஒண்ணும் கெடையாதும்மா. எல்லாம் ரெஸ்க்யூவுக்கு வெச்சுக்கினு கீறோம்."

"ஒரு நிமிஷம் போதும்."

"இன்னாம்மா நீங்க, வெளையாடறீங்களா? கீழ மூணு ஆளு மாட்டிக்கினு கீறான். நீங்க கடல் தண்ணி சூடு கேக்க ட்ரங்க் கால் போடச் சொல்றீங்க?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. விண்கலம், சாம்பல் திட்டு, நகர்ந்த தாள் என்று நான் என்ன சொன்னாலும் அவர் வைத்துவிடுவார். என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமலே சொன்னேன்.

"அண்ணே, எங்க ஆளும் ஒருத்தன் மாட்டிக்கினு கீறான். மாரிகுப்பத்து ஆளு. அவன் கீழ இல்ல, கடல்ல. மேல கொண்டாரச் சொல்லணும்."

வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"யாரு ஊட்டு ஆளு?" என்றார்.

சொன்னேன். முனிரத்தினத்தின் அப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது. "வைக்காதீங்கம்மா, இருங்க" என்றார். லைன் கிடைத்தது.

மறுமுனையில் நாகப்பட்டின அலுவலகத்து ஆள், "உங்க அதிகாரி சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லை. நான் சொல்றேன்."

"காரணம் என்னன்னு எழுதிக்கட்டுமா?"

"காலைப் படத்தில் தவறு இருக்கலாம்னு எழுதிக்குங்க. படகை உடனே கரைக்குத் திருப்பச் சொல்லுங்க. தண்டல் மறுத்தால் என் பெயரைச் சொல்லுங்க."

படகை ஓட்டும் தண்டலுக்கு என் பெயர் என்ன தெரியும்! ஆனால் அப்படித்தான் சொன்னேன். மாலையில் வயர்லெஸ்ஸில் சொல்கிறோம், படகுக்குக் கேட்டதா இல்லையா என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றார். அவ்வளவுதான். எனக்கு இருந்த ஒரே ஆயுதத்தை வீசியாகிவிட்டது, பட்டதா இல்லையா தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஷாஃப்ட் வாசல் கூட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சரோஜா பக்கத்து வீட்டுக்காரன் மனைவியின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவளிடம் சொல்லலாமா என்று கால் தயங்கியது. என்ன சொல்வது? இருக்கலாம் என்பதையா? கைக்குழந்தைக்காரி, அவளை ஏன் இப்போதே கலங்கடிக்க வேண்டும், நாளை உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தலையை அசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலைப் படத்துக்கு முன் நாராயணப்பா மேசையின் நான்கு கால்களுக்கும் கோணியை மடித்துச் செருகினார். நான் தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆந்திரக் கரை வந்தது. அதற்குக் கீழே ஊசி போகப் போக இருவரும் தாள்மேல் குனிந்தோம். சாம்பல் இல்லை. நேற்று நாங்கள் குளிர்ந்த நீர் என்று சொன்ன இடத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை, அதுவும் சுருண்ட வெள்ளை. படகு போயிருக்க வேண்டிய இடம் அதற்கு நடுவில் இருந்தது. நாராயணப்பா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். நான் தொலைபேசியை எடுத்தேன்.

நாகப்பட்டினத்துக்கு லைன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் மழையில் கம்பி அறுந்துவிட்டது என்றார்கள். ஒவ்வொரு முறையும் எக்ஸ்சேஞ்சு அண்ணன், "இன்னும் இல்லம்மா" என்று சொல்லும்போது அவர் குரலும் சேர்ந்து இறங்கியது. பிற்பகலில் அவரே கூப்பிட்டார். வேறு ஊர் வழியாகச் சுற்றி எப்படியோ பிடித்திருந்தார். "உங்க ஆளு மேல வந்துட்டாம்மா" என்றார். படகு இரவே முகத்துவாரத்துக்குள் வந்துவிட்டது. செய்தி கேட்டதும் தண்டல் முணுமுணுத்தாராம், திரும்பி வருகிற வழியிலேயே அலை எழும்பியதைப் பார்த்துப் பிறகு பேசவில்லையாம். முனிரத்தினம் வழி நெடுக வாந்தி எடுத்தானாம். அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று நாராயணப்பாவைக் கேட்டால்தான் தெரியும்.

ஓடினேன். நல்ல செய்தியை நேரில் சொல்ல வேண்டும் என்று ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினேன். மூவரில் இருவரை உயிரோடு மேலே கொண்டுவந்துவிட்டார்கள், சரோஜாவின் பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் இன்னும் வரவில்லை. சரோஜா இரவு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் காலையில் திரும்பி வந்திருந்தாள். அவளை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஆட்டம், தாள், படகு, புயல், முகத்துவாரம், அவன் பத்திரமாக இருப்பது. கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நகராமல் நின்றாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

"நானு வந்துட்டு போனனே, அப்பவா?"

"நீ போனதுக்கு அப்புறம்தான். குலுக்கின விஷயத்தை நீ சொன்னதாலதான் தெரிஞ்சுது."

"சாயங்காலம் என்னைப் பாத்துட்டுதானே போனீங்க?"

"உறுதியா தெரியாம உன்னை ஏன் பயமுறுத்தணும்னு..."

இதை நான் இன்றும் வாதாடுவேன். அரைகுறைத் தகவலை வீட்டாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது கருணை ஆகாது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் பாதி மனது அப்படித்தான் நினைக்கிறது. பொறுப்பதிகாரி திரும்பி வந்து என்னைப் பாராட்டினார், நிலையம் மூடப்படவில்லை, மேசைக்குச் சிமென்ட் மேடை கட்டினார்கள், ஆட்டம் வந்தால் படத்தின் மேலேயே குறிக்க வேண்டும் என்று விதி வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, எங்கள் படத்தை நம்பிக் கடலுக்குப் போன யாரைத் திரும்பக் கூப்பிட நேர்ந்தாலும், கரை அலுவலகத்துக்கு அடுத்து அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லி அனுப்பினேன். சிலர் என்னைத் திட்டினார்கள், வீணாகக் கலவரப்படுத்தினாய் என்றார்கள். வாங்கிக்கொண்டேன். இந்த ஒன்றை மட்டும் நீங்களும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், கணினிக்கு வீட்டு விலாசம் தெரியாது.

சரோஜா என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கேஜ் வரும் பக்கமே பார்த்தபடி சொன்னாள்.

"எங்கப்பா கீழ மாட்டிக்கினப்போ எங்கம்மா ரெண்டு நாளு இங்கியே நின்னாங்க. எங்க மாமியாரும் நின்னுருக்காங்க. இந்தா, இவ நேத்துலேர்ந்து நிக்கிறா. எங்க ஊட்ல எந்தப் பொம்பளையும் ஆளு மேல வர்ற வரைக்கும் கண்ண மூடினது இல்லக்கா. நேத்து ராத்திரி நான் நல்லா தூங்கிட்டேன்."